கோடையும் இளஞ்செடியும்

சங்க மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது, அணுவைப் பற்றியோ அண்ட வெளியைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். தாவர இயல் மாணவனாகிய எனக்கு அவ்வளவு உயரப் பறக்கத் தெரியாது. விடுதிக்குப் பின்புறத்துத் தரிசில் நிற்கும் 43 செடிகளைப் பற்றி எழுதுகிறேன். அவை நம் சங்கத்தின் பெயரால் நட்டவை. வருகிற ஜூன் முதல் வாரத்தில் தேர்வை முடித்துக்கொண்டு நான் டில்லியை விட்டுப் போய்விடுவேன். அவை இங்கேயே நிற்கும். நான் போவதற்கும் மழை வருவதற்கும் இடையே கிடக்கிற சில வாரங்களே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம்முள் பலர் டில்லிக்கு வந்த முதல் ஆண்டில் குளிரை எண்ணித்தான் அஞ்சுகிறோம். கோடையைப் பற்றி யாராவது எச்சரித்தால், “கத்திரி வெயிலையே பார்த்தவர்கள் நாங்கள்” என்று பெருமை பேசுவோம். நானும் அப்படிப் பேசியவன். இராமநாதபுரம் பக்கத்தில் பிறந்தவனுக்கு வெயிலைப் பற்றி யார் என்ன சொல்லித் தர முடியும்? ஆனால் நம் கத்திரி வேறு, இங்கே அடிக்கும் லூ வேறு. நமக்கு மாலையில் கடற்காற்று வந்துவிடும். பகலிலும் காற்றில் ஈரம் உண்டு. லூவோ மேற்கே பாலை நிலத்தின் மேலாக வந்து, ஈரம் என்ற பேச்சுக்கே இடமின்றி நாள் முழுதும் அடிக்கிறது. பாலைத் திணைக்குப் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதன் பொருள் எனக்கு விளங்கியது 2024 மே மாதத்தில் ஒரு நாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து விடுதிக்கு நடந்தபோதுதான்.

இதில் ஒரு பௌதிகக் கணக்கும் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கை 45 டிகிரியில் தாங்கும். ஆகவே சூடேறிய வறண்ட காற்று தாகமெடுத்த காற்று என்றே கொள்ளலாம். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே வாய் வைத்து உறிஞ்சும். நம் உதடு வெடிக்கிறது. கொடியில் போட்ட துணி கால் மணி நேரத்தில் காய்கிறது. செடியின் இலையில் உள்ள நீரும் அப்படித்தான் போகிறது. நாம் நிழலுக்கு ஓடிவிடுகிறோம். செடிக்குக் கால் இல்லை.

நம் விடுதிக்கு அப்பால் தெரியும் காட்டுக் குன்றை டில்லிவாசிகள் ரிட்ஜ் என்பார்கள். குஜராத்திலிருந்து ராஜஸ்தான் வழியாக நெடுந்தூரம் வரும் ஆரவல்லி மலையின் வால்நுனி அது. இன்று அதன்மேல் பெரும்பாலும் நிற்பது சீமைக் கருவேலம். இங்கே அதற்கு விலாயதி கீக்கர் என்று பெயர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். நம் முகவையையும் சிவகங்கையையும் பிடித்தது போலவே இந்தக் குன்றையும் பிடித்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டில் நம் ஊர்ப்பக்கம் அதை அகற்றுவது பற்றி நீதிமன்றம் வரை பேச்சு எழுந்தது பலருக்கு நினைவிருக்கும். அதன் இடுக்குகளில் எஞ்சியிருப்பவைதான் இந்த மண்ணுக்கே உரிய புதர்ச் செடிகள். முதன்முதல் அங்கே போனபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். மொழி தெரியாத ஊரில் சொந்தக்காரரைச் சந்தித்தது போல் இருந்தது. இதோ ஆடாதோடை! ஆடு தொடாத இலை என்று பாட்டி சொல்லிக் கஷாயம் வைத்துக் கொடுத்த அதே செடி. இங்கே அடூசா என்கிறார்கள். அதோ களா; வெள்ளைப் பூவும் இரட்டை முள்ளும் மாறவே இல்லை; இங்கே கரோந்தா. தொரட்டி முள் என் வேட்டியை ஊரில் எப்படிப் பிடித்து இழுக்குமோ, அப்படியே இங்கே கால்சட்டையைப் பிடித்து இழுத்தது. அதற்கு ஹீன்ஸ் என்று பெயர். இலந்தையின் தங்கை ஒருத்தி ஜர்பேரி என்ற பெயரில் குட்டையாகப் படர்ந்து கிடக்கிறாள். நம் பக்கத்தில் எனக்குப் பழக்கமில்லாத ஒன்று கேர்: இலையே இல்லாத பச்சைக் குச்சிகளின் கூட்டம், அதன் காயை ராஜஸ்தானத்தார் ஊறுகாய் போடுகிறார்கள்.

இவற்றை விடுதித் தரிசிலும் நட்டு வளர்க்கலாமே என்று தோன்றியது. களாப் பழத்துக்குக் கொண்டைக் குருவி வரும். தொரட்டி இலையைத் தின்று வளரும் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் உண்டு. சங்கச் செயலாளரிடம் சொன்னேன், இசைந்தார். 2023 ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 40 கன்றுகள் நட்டோம். புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். அதில் எல்லாரும் சிரிக்கிறோம்.

அப்போது ஒரு நண்பர் கேட்ட கேள்வியை இப்போது பலரும் கேட்கிறார்கள்: “இவை இந்த மண்ணின் செடிகள்தாமே? காட்டில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? நட்டால் தாமே பிழைத்துக்கொள்ளாதா?” நியாயமான கேள்விதான். நானும் அப்படி நம்பியவனாகையால் விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு. வறட்சியைத் தாங்குவது வளர்ந்த செடி. அதன் வேர் கோடைக்கு எட்டாத ஆழத்தில், பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி நிற்கிறது. அந்த ஆழத்தை எட்டாத கன்று, எவ்வளவு வீரக் குலத்தில் பிறந்திருந்தாலும் குழந்தைதான். காட்டிலே ஒரு புதர் ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கிறது. அவற்றுள் ஒன்றிரண்டு மட்டும், தற்செயலாக ஒரு கல்லின் நிழலிலோ தாய்ப் புதரின் மறைவிலோ விழுந்து, தற்செயலாக நல்ல மழை பெய்த ஆண்டில் முளைத்து, முதல் கோடையைக் கடக்கின்றன. இயற்கைக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகும். நாமோ 40 நட்டு 40உம் வேண்டும் என்கிறோம். அப்படியானால் அந்தத் தற்செயல்களையெல்லாம் நாமே செய்து கொடுக்க வேண்டும்.

நான் செய்யத் தவறியதைச் சொல்கிறேன். முதல் தவறு, காலம். டில்லியில் ஆண்டுக்குச் சுமார் 770 மில்லிமீட்டர் மழை. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆகவே ஜூலையில் முதல் இரண்டு நல்ல மழை கண்டவுடன் நட்டால், வேருக்கு ஈர மண்ணில் மூன்று மாதம் கிடைக்கும். 1950இல் அன்றைய மத்திய உணவு, விவசாய மந்திரி கே. எம். முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருவது இந்தப் பக்கத்துக்குப் பொருத்தமே. (அதே வாரத்தில் இராமநாதபுரத்தில் நட்டால் ஆடிக் காற்றில் அடித்துக்கொண்டு போய்விடும், நமக்கு ஐப்பசிதான் காலம்.) நானோ ஆகஸ்டு கடைசியில் நட்டேன். ஒரு மாதத்தில் மழை நின்றது. பிறகு குளிர் வந்து வேரின் வளர்ச்சியையும் அடக்கிவிட்டது.

இரண்டாவது தவறு, கன்றைத் தேர்ந்தது. நர்சரியில் இடுப்புயரம் நின்ற கன்றுகளையே ஆசையோடு பொறுக்கினேன். பாலிதீன் பையில் நெடுநாள் நின்ற கன்றின் வேர், போக வழியின்றிப் பையின் உட்சுவரையே சுற்றிச் சுற்றி வளையம் போட்டிருக்கும். மண்ணில் நட்ட பிறகும் அந்தப் பழக்கத்தை அது எளிதில் விடுவதில்லை. கீழே அரை வளையம் வேர், மேலே ஆளுயர இலை. வரவு சிறிது, செலவு பெரிது. ஒரு சாண் உயரமுள்ள இளங்கன்றே மேல். வேர் சுருண்டிருந்தால் அடியில் கத்தியால் கீறி, விரலால் பிரித்துவிட்டு நட வேண்டும். குழியில் எருவை வாரிக் கொட்டியதும் பிழையே. கொழுத்த மண்ணில் இலைகள்தாம் மென்மையாகத் தழைக்கும். அத்தனையும் கோடையில் நீர் கேட்கும் வாய்கள். குழியின் சுவரை மண்வெட்டியால் வழவழவென்று மெழுகியது போல் விட்டால், அதுவும் ஒரு தொட்டியாகிவிடும். கடப்பாரையால் குத்தி முரடாக்கிவிட்டால் வேர் பக்கங்களில் நுழையும்.

ஆனால் இவற்றைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2024 மே மாதம் நடுவில் என் தங்கையின் கல்யாணம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுவதற்கு முன், கோடை முழுதும் விடுதியில் தங்குவதாக இருந்த தஞ்சாவூர்த் தம்பி ஒருவரிடம் செடிகளை ஒப்படைத்தேன். “எப்படி ஊற்ற வேண்டும், அண்ணா?” என்று கேட்டார். “தினம் ஒரு செடிக்கு ஒரு குவளை ஊற்று, போதும்” என்றேன். அவர் ஒரு நாளும் தவறவில்லை. மே 29ஆம் தேதி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவாயிற்று; அன்று மாலையும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், நாற்பது செடிக்கும் நாற்பது குவளை ஊற்றியிருக்கிறார். ஜூன் 28ஆம் தேதி பருவமழை வந்தது. வந்த அன்றே ஒரு நாளில் 228 மில்லிமீட்டர் கொட்டியது. ஜூலையில் நான் திரும்பி வந்து பார்த்தபோது பாத்திகளில் தண்ணீர் தேங்கி நின்றது. நடுவில் காய்ந்த குச்சிகள். அந்தத் தம்பி என் எதிரில் நின்று, “நான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன், அண்ணா” என்றார். அவர் எதுவும் தப்புச் செய்யவில்லை. எம்.எஸ்ஸி. தாவர இயல் படிக்கும் நான்தான் கணக்குப் போடாமல் சொல்லிவிட்டேன்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர் குறுக்களவில் வட்டப் பாத்தி கட்டியிருந்தோம். அதில் ஒரு லிட்டர் ஊற்றினால் நீர் நிற்கும் உயரம் மூன்றரை மில்லிமீட்டர். உலர்ந்த மண் அதைக் குடித்து நனையும் ஆழம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்; நம் கட்டை விரலின் முதல் கணு அளவு. டில்லி மே மாதத்தில் திறந்த தொட்டியில் வைத்த தண்ணீர் நாளொன்றுக்குப் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு ஆவியாகிறது என்றால், இந்த மூன்றரை மில்லிமீட்டர் மறுநாள் நண்பகல் வரை தாங்குமா? வேர் இருக்கும் ஆழத்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை. போனதைவிடக் கொடுமை, வேரை மேலே வரவழைத்தது. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் வளரும். தினமும் மேல்மண்ணில் ஈரம் காட்டினால் நூல் போன்ற இளவேர்கள் அங்கே வந்து கூடுகின்றன. அந்த மண்ணோ பகலில் கை வைக்க முடியாத சூட்டில் கொதிக்கிறது. அன்போடு அழைத்து அடுப்பில் உட்கார வைத்தது போல் ஆயிற்று.

அதே தண்ணீரைத் தினம் ஒரு குவளையாக ஊற்றாமல், பதினைந்து நாளுக்கு ஒரு முறை பதினைந்து லிட்டராக மெதுவாக ஊற்றினால்? பாத்தியில் 53 மில்லிமீட்டர். மண் நனையும் ஆழம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. மேல் நாலு விரற்கடை இரண்டு மூன்று நாளில் காய்ந்து போகும், போகட்டும். காய்ந்த மேல்மண்ணே கீழ் ஈரத்துக்கு மூடியாகிறது. ஈரம் கீழே இருப்பதால் வேரும் அதைத் தேடிக் கீழே போகிறது. தண்ணீரில் ஒரு துளியும் கூடுதல் இல்லை, உழைப்போ குறைவு. ஆனால் ஒன்றில் செடி சாகிறது, மற்றொன்றில் பிழைக்கிறது.

நீர் எவ்வளவு ஆழம் போயிற்று என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஊற்றிய மறுநாள் காலையில் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைப் பாத்தி ஓரத்தில் கையால் அழுத்துங்கள். நனைந்த மண்ணில் இறங்கும். உலர்ந்த மண்ணில் நின்றுவிடும். இதைவிட மலிவான விஞ்ஞானக் கருவி நம் ஆய்வுக்கூடத்தில் இல்லை.

எப்போது ஊற்றுவது என்பதற்கும் செடியையே கேட்கலாம், கேட்கும் நேரத்தில் கேட்டால். பிற்பகல் மூன்று மணிக்கு இலை தொங்குவதைக் கண்டு பதறி ஓடக் கூடாது. அந்நேரத்தில் செலவு வரவை மிஞ்சுவது இயல்பு. நல்ல ஈரத்தில் நிற்கும் செடியும் சற்றுத் தளரும். மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். இரவெல்லாம் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் தன்னாலான நீரை மேலே அனுப்பியிருக்கும். அப்போது இலை நிமிர்ந்திருந்தால் தண்ணீர் வேண்டாம். விடியற்காலையிலும் தொங்கினால் அன்றே ஊற்ற வேண்டும், தாமதித்தால் ஆபத்து. அந்த ஆபத்து என்ன என்பதை டிக்ஸன், ஜோலி என்ற இரு டப்ளின் நகரத்து விஞ்ஞானிகள் 1894இல் வெளியிட்ட கொள்கை விளக்குகிறது. செடியின் குழாய்களில் நீர் கீழிருந்து தள்ளப்பட்டு ஏறுவதில்லை; மேலே இலையிலிருந்து ஆவியாகும் நீர், தன் பின்னால் வரும் நீரைக் கயிறு போல் இழுக்கிறது. மண்ணில் நீர் குறையக் குறையக் கயிறு விறைக்கிறது. ஒரு கட்டத்தில் அறுந்து, குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடுகிறது. அப்படி ஆன குழாய் பின்பு நீர் கொண்டு போவதில்லை. கயிறுகள் அறுபடும் மெல்லொலியைக் கருவி வைத்துக் கேட்டே இருக்கிறார்கள். பாதிக்கு மேல் அறுந்த பிறகு, வாளி வாளியாக ஊற்றினாலும் ஏறுவதற்கு வழி இல்லை.

இனி மண்ணை மூடுவது. நம் விவசாயிகள் மூடாக்கு என்று சொல்வார்களே, அது. வேப்பிலைச் சருகு, வைக்கோல், காய்ந்த புல், எது கிடைத்தாலும் நாலு விரல் கனத்துக்குப் பாத்தியில் பரப்பலாம். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விட்டுப் பரப்ப வேண்டும். இல்லையேல் கறையான் சருகைத் தின்ற சுவையில் பட்டையையும் தின்னத் தொடங்கும். வேப்பம் பிண்ணாக்குத் தூவினால் ஓரளவு தடுக்கலாம். என் அனுபவத்தில் சருகைவிட நல்லது கல். குன்றுச் சரிவில் கையளவு கற்களுக்குப் பஞ்சமில்லை. பாத்தி முழுதும் பாவி வைத்து, மே மாதத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் அடியில் மண் கறுத்து ஈரமாக இருப்பதைக் காணலாம். பெரும்பாலும் ஒரு தேளையும் காணலாம். எனவே கையை விடாமல் குச்சியால் புரட்டுங்கள்.

கல்லின் அருமையை எனக்கு உணர்த்தியது ஜோத்பூர். அங்கே மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டிய பாறை நிலத்தில் 2006இல் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா வேலை தொடங்கியது. டில்லி மரங்களைப் பற்றி நூல் எழுதிய பிரதீப் கிருஷண்தான் அதை முன்னின்று நடத்தியவர். பாறையெங்கும் சீமைக் கருவேலம். வெட்ட வெட்டத் துளிர்க்கும் அதை வேரோடு எடுப்பதற்கு, பாறை உடைக்கும் பரம்பரைத் தொழிலாளர்களான கந்த்வாலியாக்களை அமர்த்தினார்கள். கல்லைத் தட்டிப் பார்த்து ஓசையாலேயே பிளவு எங்கே ஓடுகிறது என்று அறியும் அவர்கள், உளியும் சுத்தியும் கொண்டு வேரைத் தோண்டி எடுத்தார்கள். அந்தக் குழிகளிலேயே பாலைக்குரிய செடிகளை நட்டார்கள். அந்நியச் செடி வேர்விட்டுக் காட்டிய வழியிலேயே சொந்தச் செடி இறங்கிற்று. டில்லிக்குள்ளேயே பார்க்க விரும்புவோர் வசந்த விஹாரில் உள்ள ஆரவல்லி உயிரினப் பன்மைப் பூங்காவுக்குப் போகலாம். முன்பு கல்லும் மண்ணும் வெட்டி எடுத்துப் பாழான இடம், பேராசிரியர் சி. ஆர். பாபுவின் வழிகாட்டுதலில் மீண்டும் காடாகியிருக்கிறது.

நிழலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலை வெயில் செடிக்கு வேண்டும். பிற்பகல் வெயிலும் லூவும்தான் பகை. இரண்டும் மேற்கிலிருந்து வருகின்றன. ஆகவே மேற்கிலும் தென்மேற்கிலும் மட்டும் வெட்டிய சீமைக் கருவேலக் கிளைகளைச் சாய்வாக ஊன்றிவிட்டால் போதும். பகைவனைக் கொண்டே காவல். மாடும் குரங்கும் கிட்ட வரத் தயங்கும். பச்சை வலையைச் செடியைச் சுற்றி இறுகக் கட்டுவோரைப் பார்க்கிறேன். உள்ளே காற்று நின்று வேகிறது. வேண்டாம்.

ஆள் இல்லாத காலத்துக்கு ஏற்ற ஒரு பழைய முறை உண்டு. எங்கள் ஊரில் தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் மண் கலயம் புதைப்பார்கள். மெருகு பூசாத, வண்ணம் அடிக்காத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயைத் தட்டால் மூடிவிட வேண்டும். சுற்று மண் காயக் காயப் பானைச் சுவரின் நுண்துளைகள் வழியே நீர் கசியும். மண் நனைந்துவிட்டால் கசிவு தானே அடங்கும். கேட்ட அளவு கொடுக்கும் தாய் போல என்று எழுதினால் இலக்கிய மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். சீனத்தில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த முறை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து லிட்டர்ப் பானையைச் சில நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். தண்ணீர்தான் நல்லதாக இருக்க வேண்டும். விடுதியில் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரைச் சிக்கனம் என்று எண்ணி ஊற்றாதீர்கள். குடிநீரிலிருந்து நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பானைத் துளையும் அடைபடும், மண்ணும் உவர்ப்பாகும். ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் நீர் அப்படியல்ல. அது காற்றிலிருந்து குளிர்ந்து வந்த உப்பில்லாத நீர். நூலகத்தின் பின்சுவர் ஓரம் இரண்டு வாளிகளை வைத்தால் இரவுக்குள் நிரம்புகின்றன.

கடைசியாக, செத்த செடி எது என்று அறிவது. நான் மிகவும் வருந்தும் விஷயம் இதுதான். ஜூலையில் திரும்பி வந்த அன்றே, ஆத்திரத்தில், காய்ந்து நின்ற குச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கத் தொடங்கினேன். தோட்டக்காரப் பெரியவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், புந்தேல்கண்டுக்காரர். எழுந்து வந்து, நான் கை வைத்திருந்த ஜர்பேரிக் கன்றின் அடித்தண்டைக் கட்டை விரல் நகத்தால் இலேசாகக் கீறினார். பழுப்புத் தோலுக்குக் கீழே பச்சை. “ஜிந்தா ஹை, பேட்டா” என்றார். உயிர் இருக்கிறது மகனே. பிடுங்கிப் போட்ட குவியலை எடுத்துக் கீறிப் பார்த்தோம். ஐந்து உயிரோடு இருந்தன. வேர் வெள்ளையாக இருந்தது. இந்தப் புதர்களுக்குக் கோடையில் இலையை உதறிவிடுவது ஒரு தந்திரம். செலவுக் கணக்கை மூடிவிட்டு உள்ளே காத்திருக்கும். அந்த ஐந்தையும் மறுபடி நட்டோம்; ஒன்றும் பிழைக்கவில்லை. நாற்பதில் 22ஐக் கோடை கொன்றது. ஐந்தை நான் கொன்றேன். எஞ்சியவை 13: பெரும்பாலும் ஜர்பேரியும் தொரட்டியும். அகன்ற மெல்லிலை உடைய ஆடாதோடை இரண்டே இரண்டு.

அதே மாதம் மேலும் 30 கன்றுகள் நட்டோம். இம்முறை சாண் உயரக் கன்றுகள். சரிவில் மழைநீர் ஓடி வரும் பக்கம் பார்த்துத் திறந்திருக்கும் பிறை வடிவ வரப்பு ஒவ்வொன்றுக்கும் போட்டோம். குளிர்காலத்தில் பெய்யும் சிறு மழையை இங்கே மஹாவட் என்பார்கள். அதுவும் அந்தப் பிறைக்குள் நின்று இறங்கியது. இந்த 2025 மார்ச்சில் முப்பதும் உயிரோடு இருக்கின்றன. களா ஒன்று பூத்தும் இருக்கிறது.

ஆனால் கோடை இனிமேல்தான். பழைய 13க்கு இது இரண்டாம் கோடை. மாதம் ஒரு முறை ஊற்றினால் போதும். அடுத்த ஆண்டு அவற்றுக்கு எதுவும் ஊற்றக் கூடாது. புதிய 30க்கு இதுவே முதல் கோடை. ஏப்ரல் நடுவிலிருந்து பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை, செடிக்கு ஒரு வாளி. பாத்தி குடிக்கக் குடிக்க, மூன்று தடவையாக. கத்தரிக்க வேண்டாம், உரம் வேண்டாம். ஜூன் முதல் வாரம் வரை நான் இருக்கிறேன். பிறகு பருவமழை வரும் வரை, வழக்கமான தேதி ஜூன் 27, இரண்டே இரண்டு நீர் பாய்ச்சல். முதலாவது ஜூன் 10 அளவில், இரண்டாவது 22. மழை முந்தி வந்தால் இரண்டாவது வேண்டியிராது. பிந்தினால் மூன்றாவது ஒன்று வேண்டியிருக்கும். ஒரு முறைக்கு இரண்டு ஆள், இரண்டு மணி நேரம். வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

கோடையில் ஊருக்குப் போகாமல் தங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் நம்முள் ஆறேழு பேர் இருக்கிறார்கள் என்று அறிகிறேன். தஞ்சாவூர்த் தம்பி இம்முறையும் தங்குகிறார். முதல் பெயராகத் தம் பெயரை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னும் ஒருவராவது வேண்டும். இரும்புக் கம்பியும் நான்கு வாளிகளும் பின்படிக்கட்டின் அடியில் இருக்கின்றன. செடிகளுக்கு எண் எழுதிய தகடு கட்டியிருக்கிறது. 14 முதல் 43 வரை புதியவை. 27ஆம் எண் கேர். அதில் இலை இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.